இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான காரணங்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது, சிதைந்துபோன இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியையும் குழிப் பகுதியையும் அகற்றிவிட்டு, உலோகம், பீங்கான், பாலிஎத்திலீன் ஆகியவற்றால் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சை ஆகும். முதுமையில் வரும் தேய்மானத்துக்கான சிகிச்சை என்றே இது பொதுவாகக் கருதப்படுகிறது. மேலை நாடுகளுக்கு அது பெரிதும் பொருந்தும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேட்டில் பத்தில் ஒன்பது இடுப்பு மாற்றுகள் மூட்டுத் தேய்மானத்துக்காகவே செய்யப்படுகின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2006 முதல் திரட்டிய பதிவேட்டின் தொடக்க அறிக்கை 2013-இல் வெளிவந்தது. அதன்படி, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் தேய்மானம் அன்று. தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் நின்று எலும்பு இறந்துபோனதே காரணம். இந்நோய் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், உழைத்துச் சம்பாதிக்கும் காலத்தில் வருகிறது. இதற்கு அடுத்தபடியாக எலும்பு முறிவு, சாலை விபத்து, வாத நோய்கள், குழந்தைப் பருவக் குறைபாடுகள் ஆகியவை வருகின்றன. இவற்றுள் பலவற்றில், உரிய காலத்தில் கண்டறிந்தால் சொந்த மூட்டையே காப்பாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண வகை மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். அது தலை எனப்படும். இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அந்தத் தலை பொருந்திச் சுழல்கிறது. தலையையும் தொடை எலும்பின் தண்டையும் இணைக்கும் குறுகிய பகுதி கழுத்து. தலையும் குழியும் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும். சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை இந்த மூட்டின் மேல் விழுகிறது. கால் இடறித் தடுமாறும்போது அது இன்னும் பல மடங்கு உயரும்.

இந்த மூட்டின் பலவீனம் அதன் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. தலைக்குத் தேவையான இரத்தத்தின் பெரும்பகுதி, கழுத்தை ஒட்டி மேலேறும் மெல்லிய நாளங்கள் வழியாகவே வந்து சேர்கிறது. வேறு பாதைகள் மிகக் குறைவு. கழுத்து முறிந்தாலோ, மூட்டு நழுவினாலோ, நாளங்கள் உள்ளே அடைபட்டாலோ தலைப்பகுதி பட்டினி கிடக்கிறது. கால்வாயின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் நின்றுபோவதைப் போன்றது இது.

இரத்த ஓட்டம் நின்று எலும்பு இறத்தல்

அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்ற இந்நோயை மருத்துவர்கள் ஏ.வி.என். என்று சுருக்கி அழைப்பர். இரத்தம் கிடைக்காத எலும்புச் செல்கள் இறக்கின்றன. இறந்த எலும்பு உடனே உடைந்துவிடுவதில்லை. சில மாதங்கள் வரை, சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் வரை தலையின் உருண்டை வடிவம் அப்படியே இருக்கும். பிறகு எடை தாங்க முடியாமல் மேற்பரப்பு உள்வாங்குகிறது. பந்து தட்டையானதும் குருத்தெலும்பு உராய்ந்து அழிகிறது. மூட்டு முழுவதும் கெடுகிறது.

ஏ.வி.என். வருவதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

ஒன்று, ஸ்டீராய்டு மருந்துகள். ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய், லூபஸ் போன்றவற்றுக்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை. பல நேரங்களில் உயிர் காப்பவை. மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கும்போது கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள், உடல் எடை கூடுவதற்கென்று கொடுக்கப்படும் மாத்திரைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத மூட்டு வலிப் பொடிகள் ஆகியவற்றின் வழியாகவும் ஸ்டீராய்டு உடலுக்குள் செல்கிறது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டது நோயாளிக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. அதே சமயம், மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைப் பயந்துபோய்த் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

இரண்டு, மது. நீண்ட காலம் அதிக அளவில் குடிப்பவர்களுக்கு எலும்பு மச்சையில் கொழுப்புச் சேர்ந்து, நுண்ணிய நாளங்கள் நெருக்கப்படுகின்றன. 40 வயதைத் தொடும் ஆண்களில் இரண்டு பக்க இடுப்பும் ஒருசேரக் கெட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புகைப்பழக்கமும் சேர்ந்தால் பாதிப்பு கூடும்.

மூன்று, அடிபடுதல். கழுத்து முறிவும் மூட்டு நழுவலும் நாளங்களைக் கிழித்துவிடுகின்றன. எலும்பு கூடியபின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தலை உள்வாங்குவது உண்டு.

கொரோனா காலத்துக்குப் பிறகு இந்நோய் குறித்த பேச்சு அதிகமானது. கடுமையான தொற்றில் உயிரைக் காக்க ஸ்டீராய்டு தரப்பட்டது. மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2021-இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பு பரவலாகக் கவனிக்கப்பட்டது. அவர்களுக்குத் தரப்பட்ட மருந்தின் அளவு, ஏ.வி.என். உண்டாக்கும் என்று அதுவரை கருதப்பட்ட அளவைவிடக் குறைவு. வலியும் வழக்கமான ஆறு மாதம், ஓராண்டு என்றில்லாமல் சராசரியாக 58 நாட்களிலேயே தொடங்கியிருந்தது. நோய் தொடக்க நிலையிலேயே எம்.ஆர்.ஐ. மூலம் கண்டறியப்பட்டதால் மருந்தாலேயே சிகிச்சை அளிக்க முடிந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

அரிவாளணு சோகை உள்ளவர்களுக்கும் ஏ.வி.என். இளம் வயதிலேயே வரக்கூடும். விறைத்துப்போன சிவப்பணுக்கள் நுண்ணிய நாளங்களை அடைப்பதே காரணம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது தமிழ்நாட்டில்தான். 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது.

தொடை எலும்புக் கழுத்து முறிவு

முதியோரின் இடுப்பு மாற்றத்துக்கு முக்கியக் காரணம் இதுவே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 70 வயது கடந்த ஆண்களுக்கும் எலும்புப்புரை நோயால் கழுத்துப் பகுதி நலிந்துபோகிறது. இரவில் கழிவறைக்கு எழும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுவது, வாசற்படி தடுக்கி விழுவது போன்ற சிறு விபத்தே முறிவுக்குப் போதும். விழுந்தவரால் எழ முடியாது. அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும். முறிந்த முனைகள் ஒன்றில் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் தாங்கித் தாங்கி நடக்கவும் செய்வர். அதனால் முறிவு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முறிந்த எலும்பைத் திருகாணி வைத்துச் சேர்க்கவே மருத்துவர்கள் முதலில் முயல்வர். அதற்குக் காலம் முக்கியம். முதியவர்களுக்கு எலும்பு விலகியிருந்தால் தலையை மட்டுமோ, மூட்டு முழுவதையுமோ மாற்றுவர். அறுவை சிகிச்சையை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. வயதாகிவிட்டது, அறுவை வேண்டாம் என்று படுக்கையில் விட்டுவிடும்போது படுக்கைப் புண், நுரையீரல் சளிக்காய்ச்சல், கால் நாளங்களில் இரத்தக் கட்டு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. பல முதியவர்களின் உயிரைப் பறிப்பது முறிவு அன்று. முறிவுக்குப் பின்னான படுக்கையே.

சாலை விபத்தும் கரையான்சாவடி வட்டாரமும்

சென்னையின் மேற்குப் புறநகர், இந்தக் காரணங்கள் ஒருசேரக் காணப்படும் பகுதி. பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் ஆவடிக்குச் செல்லும் சாலை பிரிகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகள், திருமழிசை, திருப்பெரும்புதூர் ஆலைகள் என நாற்புறமும் தொழிற்சாலைகள். சென்னை பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் சரக்கு லாரிகளும், ஷிப்ட் முடித்துத் திரும்பும் இருசக்கர வாகனங்களும், நிறுவனப் பேருந்துகளும் ஒரே பகுதியில் நெருங்கி ஓடுகின்றன. பூந்தமல்லி மெட்ரோ வழித்தடப் பணிகள் நடந்த ஆண்டுகளில் சாலை மேலும் குறுகியது.

இருசக்கர வாகனத்தில் இருந்து தூக்கி எறியப்படும்போதும், காரின் முன்பலகையில் முழங்கால் மோதும்போதும், விசை தொடை எலும்பு வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து தலையைக் குழியிலிருந்து நழுவச் செய்கிறது. சில வேளைகளில் குழியின் விளிம்பும் உடைகிறது. நழுவிய மூட்டை ஆறு மணி நேரத்துக்குள் மீண்டும் பொருத்திவிட வேண்டும். காலம் நீள நீள ஏ.வி.என். வரும் வாய்ப்பு கூடுகிறது. விபத்துக்குள்ளானவருக்கு வெளிக்காயம் சிறிதாகவும், மூட்டின் இழப்பு பெரிதாகவும் இருப்பது இதனால்தான். மடங்கி உள்புறம் திரும்பிய காலை அங்கேயே இழுத்து நிமிர்த்தக் கூடாது. 108 அவசர ஊர்தியை அழைத்து, கால் இருக்கும் நிலையிலேயே கொண்டு செல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தின் கீழ், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வாத நோய்களும் தேய்மானமும்

முதுகெலும்பு இறுக்க வாதம் 20 வயதையொட்டி, பெரும்பாலும் ஆண்களுக்குத் தொடங்கும். காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பாக இருப்பதும், நடமாடிய பின் குறைவதும் இதன் அடையாளம். சிலருக்கு இரண்டு இடுப்பு மூட்டுகளும் இறுகி, உட்காரவே முடியாத நிலை வருகிறது. ருமாட்டாய்டு வாதம் பெண்களை அதிகம் தாக்குகிறது; கை விரல் மூட்டுகளில் தொடங்கி இடுப்பு வரை பரவலாம். தற்போதைய மருந்துகளை ஆரம்பத்திலேயே முறையாக எடுத்தால் மூட்டு அழிவதைப் பெருமளவு தடுக்க முடியும்.

வயது காரணமான தேய்மானம் இந்தியர்களுக்கு இடுப்பைவிட முழங்காலில்தான் அதிகம். இடுப்பில் தேய்மானம் வரும்போது, அதன் பின்னால் வேறொரு பழைய காரணம் இருப்பது வழக்கம். பிறவியிலேயே குழி ஆழமில்லாமல் இருந்திருக்கலாம். பத்து வயதுக்குள் பெர்த்தஸ் நோய் வந்து தலை தட்டையாகியிருக்கலாம். வளரிளம் பருவத்தில் தலை கழுத்திலிருந்து சறுக்கியிருக்கலாம். சிறுவயதில் காசநோயோ சீழ்த் தொற்றோ மூட்டை அரித்திருக்கலாம். நொண்டி நடக்கும் குழந்தையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டால், அதன் விலை 35, 40 வயதில் தெரியவரும். ஆண்டுக்கணக்கில் பாரம் சுமக்கும் வேலை செய்பவர்களுக்கும் இடுப்புத் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகம்.

அறிகுறிகளும் தவறான கணிப்பும்

தமிழில் இடுப்பு வலி என்றால் பெரும்பாலோர் சுட்டுவது கீழ் முதுகு வலியைத்தான். உண்மையான இடுப்பு மூட்டு வலி அங்கே வருவதில்லை. அது பெரும்பாலும் தொடை இடுக்கில், அதாவது கவட்டைப் பகுதியில் தோன்றி, தொடையின் முன்புறம் இறங்கும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரியும். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்களும், நரம்பு இழுப்பு என்று மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பவர்களும் இவர்களுள் உண்டு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. சம்மணமிட்டு உட்கார முடியாமல் போவது, கால் நகம் வெட்டக் குனிய முடியாமல் போவது, இருசக்கர வாகனத்தில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாமல் போவது, இந்தியக் கழிவறையில் குந்துவது கடினமாவது, நடையில் சாய்வு தெரிவது ஆகியவை. இவற்றில் ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் இடுப்பு மூட்டைப் பரிசோதிப்பது நல்லது. ஏ.வி.என். நோயின் தொடக்கத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டும். ஸ்டீராய்டு எடுத்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், முன்பு விபத்தில் அடிபட்டவர் எனில் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலை உள்வாங்குவதற்கு முன்பு கண்டறிந்தால் மருந்து, எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்தல் போன்ற வழிகளில் மூட்டைக் காப்பாற்ற முயலலாம். உள்வாங்கிய பின் பெரும்பாலும் எஞ்சுவது மூட்டு மாற்றம்தான்.

கட்டு வைத்தியமும் தாமதமும்

வட தமிழ்நாட்டில் எலும்பு முறிந்தால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. ஆந்திரப் பிரதேசத்தின் புத்தூர் அருகே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த வைத்தியத்தைத் தேடிச் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். அந்தப் பெயரைப் பலகையில் எழுதிய வைத்தியசாலைகள் சென்னையைச் சுற்றியும் உண்டு. செலவு குறைவு, கத்தி வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஆகியவை இதற்குக் காரணம்.

கை, முன்கால் எலும்புகளில் விலகாத முறிவுக்குக் கட்டு உதவக்கூடும். தொடை எலும்புக் கழுத்து முறிவுக்கு அது உதவாது; இதற்கு உடற்கூறே காரணம். முறிவு மூட்டுறைக்கு உள்ளே, தடித்த தசைகளுக்கு அடியில் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுகக் கட்டினாலும் உள்ளே முனைகள் அசையாமல் நிற்பதில்லை. மூட்டுநீர் முறிவைச் சுற்றி நிற்பதால் எலும்பு கூடுவதும் கடினம். கட்டோடு கழியும் மூன்று, நான்கு வாரங்களில் கழுத்து எலும்பு கரைந்து குறைகிறது. முதல் நாளில் மூன்று திருகாணிகளால் காப்பாற்றியிருக்கக்கூடிய மூட்டு, ஒரு மாதம் கழித்து மாற்றியே ஆக வேண்டியதாகிறது.

எப்போது மாற்ற வேண்டும்

எக்ஸ்ரே படம் மட்டும் பார்த்து இதை முடிவு செய்வதில்லை. வலி மாத்திரைக்கு அடங்காமை, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வேலைக்குச் செல்ல முடியாமை, அன்றாடத் தேவைக்கே பிறர் உதவி தேவைப்படுதல் ஆகியவை சேரும்போதே அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. டெஃப்லான் குழி வைத்த அவரது முந்தைய மூட்டுகள் விரைவில் தேய்ந்து தோற்றன. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் குழியைப் பயன்படுத்தத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் 89 விழுக்காடு 15 ஆண்டுகளும், 58 விழுக்காடு 25 ஆண்டுகளும் நீடித்தன. 70 வயதில் மாற்றிக்கொள்பவருக்கு இது வாழ்நாள் முழுவதற்கும் போதும். 35 வயதில் மாற்றிக்கொள்பவருக்கு மறு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். ஏ.வி.என். நோயை முன்கூட்டியே கண்டறிவது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பொருத்திய மூட்டு தளர்வது, கிருமித் தொற்று, அடிக்கடி நழுவுவது ஆகியவையும் மீண்டும் மாற்றுவதற்குக் காரணங்கள். மூட்டின் வடிவமைப்பே பழுதாக இருந்ததும் உண்டு. டிபூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக மூட்டு 2010 ஆகஸ்டில் உலக அளவில் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. உலோகத்தோடு உலோகம் உரசி இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் கலந்ததே சிக்கல். பொருத்தப்பட்ட மூட்டின் பெயர், எண் அடங்கிய ஒட்டுச்சீட்டை மருத்துவமனை ஆவணங்களோடு பத்திரப்படுத்த வேண்டியது இதனால்தான்.

சிகிச்சை கிடைக்கும் இடங்களும் உதவியும்

சென்ட்ரல் அருகே உள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பூந்தமல்லி நெடுஞ்சாலை மீதே அமைந்தவை. போரூர், மணப்பாக்கம், தண்டலம் பகுதிகளில் பெரிய தனியார் மருத்துவமனைகள் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இடுப்பு மூட்டு மாற்றமும் இதில் அடங்கும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்களுக்கு அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

தடுக்கும் வழிகள்

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வாங்காதிருத்தல், மதுவையும் புகையையும் விடுதல், தலைக்கவசத்தோடு நிதான வேகத்தில் ஓட்டுதல் ஆகியவை இளையவர்களுக்கு உரியவை. முதியோர் உள்ள வீட்டில் கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பி, சொரசொரப்பான தரை, இரவு விளக்கு ஆகிய மூன்றும் இருந்தால் பல முறிவுகளைத் தவிர்க்கலாம். 65 வயதைத் தாண்டிய பெண்கள் எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கண்புரையைக் காலத்தோடு நீக்கிக்கொள்வதும், தலைசுற்றல் தரும் மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதும் விழுவதைக் குறைக்கும். விழுந்தபின் ஒருவரால் காலை ஊன்ற முடியவில்லை என்றால், அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முதல் சிகிச்சை.